முன்னாள் படைவீரர்களுக்கான ஸ்கேன் துறை: படத்துக்கு முன்னும் பின்னும்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்று அரசே தனி மருத்துவமனைகளை நடத்துகிறது. நம் நாட்டில் ஏற்பாடு வேறு. 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம்) திட்டத்தில், ஓய்வுபெற்ற படைவீரர் பொதுவாக முதலில் தன் பகுதி பாலிகிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே முடியாததை ராணுவ மருத்துவமனைக்கோ, திட்டத்தின் பட்டியலில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். கொங்கு நாட்டுக்காரருக்கு ராணுவ மருத்துவமனை என்றால் நீலகிரி மலையேறி வெலிங்டன் போக வேண்டும். அதனால் சமவெளியில் கோவை, சேலம் பாலிகிளினிக்குகளில் சீட்டு வாங்குகிறவர்களுக்கு ஸ்கேன் எடுக்கும் வேலை தனியார் மருத்துவமனைகளின் கதிரியக்கத் துறைகளில்தான் வந்து விழுகிறது.

அப்படிப்பட்ட துறைக்குத் தலைமை ஏற்கிற டாக்டர் முதலில் நினைப்பது இயந்திரங்களைப் பற்றி: எம்.ஆர்.ஐ. காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா, சி.டி. எத்தனை ஸ்லைஸ், ஒப்பந்தம் யாரோடு. அது அவ்வளவு கடினமான பகுதி அல்ல. அதைச் சொல்லிக்கொடுக்க விற்பனைப் பிரதிநிதிகள் வரிசையில் நிற்பார்கள். படம் எடுப்பதற்கு முன் அந்த மனிதரிடம் கேட்க வேண்டியதும், எடுத்த பிறகு ரிப்போர்ட் போய்ச் சேர வேண்டிய இடமும்தான் கடினம். படைவீரர்களைப் பார்க்கும் துறையில் தவறுகள் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளில்தான்.

வருகிறவர் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு 15 ஆண்டு முடிந்தால் பென்ஷன் உண்டு. ஆகவே முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே ஊர் திரும்பிவிடுகிறார். அதற்குப் பிறகு இருபது இருபத்தைந்து ஆண்டு இரண்டாவது வேலை: மில்லில் செக்யூரிட்டி, திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், பீளமேட்டிலோ கணபதியிலோ லேத்துப் பட்டறை, பவுண்டரி, இல்லையென்றால் சொந்தக் காட்டில் விவசாயம். அவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயில் பனிமலையில் இருந்த ஆண்டுகளும் இருக்கலாம், பஞ்சுத் தூசியும் இருக்கலாம், பீடியும் இருக்கலாம், ஆறிப்போன காசநோய்த் தழும்பும் இருக்கலாம். 'முன்னாள் ராணுவத்தினர், இருமல்' என்று ரெஃபரல் சீட்டில் எழுதியிருந்தால் ராணுவத்தை மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. அதற்குப் பிறகு என்ன வேலை செய்தார் என்றும் கேட்க வேண்டும். இ.சி.எச்.எஸ். அட்டையில் மனைவியும் சார்ந்திருக்கும் பெற்றோரும் பிள்ளைகளும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். வரிசையில் பாதிப்பேர் வயதான பெண்களாக இருக்கிற நாட்களும் உண்டு.

உள்ளே இருக்கும் இரும்பு

எம்.ஆர்.ஐ. அறையின் காந்தம் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஸ்கேன் ஓடாதபோதும், இரவு விளக்கை அணைத்துவிட்டுப் போனபோதும், மின்சாரம் நின்றபோதும் அதன் இழுவிசை குறையாது. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஒருவரைக் காந்தம் சிலிண்டரோடு இழுத்து, அவர் உயிரே போனது. அது வெளியிலிருந்து உள்ளே வந்த இரும்பு. படைவீரர்களைப் பொறுத்தவரை உடம்புக்குள்ளேயே இருக்கும் இரும்பையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

1971 போரில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்தவர்கள், 1999 கார்கிலில் இருந்தவர்கள், காஷ்மீரில் பல சுற்று பணியாற்றியவர்கள் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு வேறு ஆயுதக் காயம். சாதாரண ஈயத் தோட்டாவைக் காந்தம் இழுப்பதில்லை. ஏ.கே. ரகத் துப்பாக்கியின் 7.62×39 மி.மீ. தோட்டாவில் பெரும்பாலும் மென்எஃகுக் கரு இருக்கும். மேலுறை செம்பு நிறத்தில் தெரிந்தாலும் அதற்கு அடியிலும் எஃகு இருப்பதுண்டு. எஸ்.எஸ்.109 வகை 5.56 தோட்டாவின் நுனியில் எஃகு. கையெறி குண்டு, மோர்ட்டார், கண்ணிவெடி ஆகியவற்றின் சில்லுகள் பெரும்பாலும் இரும்பு. அதனால் 'குண்டு பட்டதா' என்ற ஒரு கேள்வி போதாது. எங்கே, எந்த ஆண்டு, எதனால் பட்டது என்பது வரை போக வேண்டும்.

பதில் வாங்குவதில்தான் சிக்கல். படிவத்தில் 'உடலில் உலோகம் உள்ளதா' என்று இருந்தால் பாதிப்பேர் 'இல்லை' என்று டிக் போடுவார்கள். உலோகம் என்றால் எலும்பில் வைத்த பிளேட் மட்டும்தான் அவர்கள் மனதில் வருகிறது. முப்பது ஆண்டாகத் தொடையில் தொந்தரவு செய்யாமல் கிடக்கும் சில்லு நினைவில் வராது. இன்னொன்றும் உண்டு. படையில் இருந்தவருக்கு 'ஒண்ணும் இல்லீங்க, எடுங்க' என்று சொல்லும் பழக்கம் ஆழமாக ஊறியிருக்கும். வலியைச் சொல்லுவதையே ஒரு குறையாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வரவேற்பில் இருக்கும் பெண் வாயால் கேட்க வேண்டும்: 'ஏனுங்கய்யா, சர்வீஸ்ல இருக்கறப்ப குண்டடி, வெடி விபத்து ஏதாச்சும் பட்டுருக்குதுங்களா? ஸ்ப்ளின்டர் எடுக்காம உள்ளேயே விட்டுட்டாங்களா? ரிட்டையர் ஆகி வந்து லேத்து, வெல்டிங், கிரைண்டிங் வேலை பாத்தீங்களா? கண்ணுல இரும்புத் தூள் விழுந்து டாக்டர்கிட்டப் போனீங்களா?'

கடைசி இரண்டு கேள்விகள் கோவை வட்டாரத்துக்கு மிக முக்கியம். போர்முனையையே பார்க்காத ஸ்டோர் ஹவில்தார், ஊருக்கு வந்து பத்தாண்டு கிரைண்டிங் வேலை பார்த்திருப்பார். கண்ணுக்குள் தங்கிய மிகச் சிறிய இரும்புத் துகள் காந்தத்தில் நகர்ந்தால் பார்வை போகலாம். தொடைத் தசையில் இருக்கும் பெரிய சில்லைவிட இது ஆபத்து, ஏனென்றால் தசையில் பல ஆண்டு கிடந்த சில்லைச் சுற்றித் தழும்பு கட்டி அது ஓரளவுக்கு இறுகியிருக்கும். கண்ணுக்குள் அந்தப் பிடிப்பு இல்லை.

கேள்வி மூன்று முறை, மூன்று பேரிடமிருந்து வர வேண்டும். அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போது ஒருவர், உடை மாற்றும் அறையில் இன்னொருவர், காந்த அறைக் கதவில் டெக்னீஷியன். ஒருவரே மூன்று முறையும் கேட்டால் பதில் மாறாது. மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். 'ஆமாம்' என்று எந்த இடத்தில் வந்தாலும் ஸ்கேன் அங்கேயே நின்றுவிடும். ரேடியாலஜிஸ்ட் வந்து பார்த்துத்தான் மேலே போக வேண்டும்.

பிறகு அந்தப் பகுதிக்கு இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே. கண் சந்தேகம் என்றால் கண்குழிக்கு எக்ஸ்ரே. அதிலும் தெளிவில்லை என்றால் மெல்லிய வெட்டில் சி.டி. எக்ஸ்ரே உலோகம் இருக்கிறது என்று காட்டும், ஈயமா எஃகா என்று காட்டாது. கையில் ஒரு காந்தத்தை வைத்துத் தோலின் மேல் தேய்த்துப் பார்ப்பதை நம்பி முடிவெடுக்கக் கூடாது; ஆழத்தில் இருக்கும் சில்லுக்கு அது பதில் சொல்லாது. முடிவு இடத்தைப் பொறுத்தது. கண், மூளை, தண்டுவடம், பெரிய ரத்தக்குழாய் ஆகியவற்றின் பக்கத்தில் அடையாளம் தெரியாத உலோகம் இருந்தால் எம்.ஆர்.ஐ.யை விட்டுவிட்டு சி.டி. அல்லது அல்ட்ராசவுண்டில் கேள்விக்கு விடை தேட வேண்டும். பிட்டத்துத் தசையிலோ தொடையிலோ பழைய சில்லு என்றால், அந்த எம்.ஆர்.ஐ. எவ்வளவு அவசியம் என்பதை அனுப்பிய டாக்டரோடு பேசி, நோயாளிக்கும் புரியும்படி சொல்லி, எழுத்தில் முடிவெடுக்கலாம். ஸ்கேனின்போது அந்த இடத்தில் சூடோ இழுப்போ தெரிந்தால் உடனே கையில் கொடுத்திருக்கும் பல்பை (டெக்னீஷியனைக் கூப்பிடும் ரப்பர் பந்து) அழுத்தச் சொல்ல வேண்டும். ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகமும், பணியிலிருந்து விடுவிக்கும்போது பரிசோதித்த ரிலீஸ் மெடிக்கல் போர்டு காகிதமும் வீட்டில் எங்காவது இருக்கும். அதைக் கொண்டுவரச் சொல்வது அப்பாயின்ட்மென்ட் போனிலேயே நடக்க வேண்டும். அங்கே காயத்தின் தேதியும் இடமும் எழுதியிருக்கும்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று: மூட்டுக்குள் ஈயத் துண்டு. தசையில் கிடக்கும் ஈயம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மூட்டு நீரில் கிடந்தால் மெல்லக் கரைந்து ரத்தத்தில் கலக்கும். முழங்கால் எக்ஸ்ரேயில் மூட்டுக்குள் உலோகத் துண்டைப் பார்த்தால் 'பழைய தோட்டா' என்று எழுதி நிறுத்தாமல், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும்படி ரிப்போர்ட்டிலேயே சொல்ல வேண்டும். ரத்தசோகைக்கும் வயிற்றுவலிக்கும் காரணம் தெரியாமல் அலைகிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

எலும்பில் பிளேட், ஸ்க்ரூ, மாற்று மூட்டு இருந்தால் பாதுகாப்புக் கவலை குறைவு, படத்தின் தரத்தில் கவலை அதிகம். உலோகத்தைச் சுற்றிப் படம் சிதையும். காந்தத்தின் வலிமை கூடக்கூடச் சிதைவும் கூடும். இரண்டு இயந்திரம் இருக்கும் இடத்தில் இவர்களை 1.5 டெஸ்லாவுக்கு அனுப்புவது நல்லது. ஸ்பின் எக்கோ வரிசை, அகலமான பேண்ட்வித், கொழுப்பை மறைக்க வழக்கமான ஃபேட்சாட்டுக்குப் பதில் ஸ்டிர் என்ற, சிதைவைக் குறைக்கும் மாற்றங்களை டெக்னீஷியன் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை; 'மெட்டல் முதுகு', 'மெட்டல் முழங்கால்' என்று தனி புரோட்டோகால் செய்து இயந்திரத்தில் சேமித்துவைத்தால் போதும். இயந்திர ஒப்பந்தத்தில் எந்த மாடல் பேசப்படுகிறது என்பதைவிட இது நோயாளிக்கு அதிகப் பயன் தரும்.

பேஸ்மேக்கர் இருந்தால் மாடல் எழுதிய அட்டை வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றது என்றாலும் இதய டாக்டர் அதை ஸ்கேன் முறைக்கு மாற்றி, முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். அட்டை இல்லாமல், 'புதுசுதானுங்க' என்ற வாய்ச்சொல்லை வைத்து யாரும் உள்ளே போகக் கூடாது. பீரங்கிப் படையில் இருந்தவர்களில் காது மந்தமானவர்கள் உண்டு. காதுக் கருவியைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கழற்றிய பிறகு மைக்கில் சொல்வது எதுவும் கேட்காது. கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லி, கையைத் தொட்டால் மூச்சை நிறுத்துவது, தட்டினால் விடுவது என்று ஒத்துக்கொண்டு, பல்பைக் கையில் கொடுத்து ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்ல வேண்டும். பச்சை குத்தியிருப்பதில் இரும்புச் சத்துள்ள மை இருந்தால் சூடேறலாம். ரெஜிமென்ட் பெயரைக் கையில் குத்தியிருப்பவருக்கு அதன்மேல் ஈரத் துணி வைத்தால் போதும். வீட்டம்மாக்களுக்குப் புடவையில் ஊக்கு, தலையில் ஹேர்பின், தாலிக்கொடி, மெட்டி. ஆண்களுக்கு அரைஞாண் கொடி, கை காப்பு, உள்ளே என்ன தகடு இருக்கிறது என்று தெரியாத தாயத்து. தாலியைக் கழற்றத் தயங்கும் அம்மாவிடம் அவசரப்படுத்தாமல், கணவரோ மகளோ அதைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்கட்டும் என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

சத்தமும் குகையும்

எம்.ஆர்.ஐ.யின் தட்டல் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். இடுங்கிய குழாய்க்குள் தலைக்குப் பக்கத்தில் தொடர்ந்து தட்டும் அந்தச் சத்தம் மோதலைப் பார்த்த சிலருக்கு வெறும் அசௌகரியமாக நிற்பதில்லை. வியர்த்து, கை நடுங்கி, பல்பைக்கூட அழுத்தாமல் எழுந்து வரப் பார்ப்பார்கள். அதைப் 'பயந்துட்டார்' என்று வரவேற்பில் பேசுவது மிகப் பெரிய அவமரியாதை. முன்கூட்டியே, தனியறையில், 'சத்தம் இப்படி இருக்கும், இத்தனை நிமிஷம், நடுவில் நின்று மறுபடி தொடங்கும்' என்று சொல்லி, சத்தத்தைப் பதிவு செய்து ஒருமுறை கேட்கவைத்தால் பாதிப் பிரச்சினை குறையும். முழங்காலுக்கும் பல நேரம் இடுப்புக்கும் கால் முதலில் போகும்படி படுக்கவைக்கலாம். முகம் வெளியே இருக்கும். காதுக்கு பஞ்சும் மேலே காதுமூடியும் இரண்டும் வேண்டும். கண்ணாடி வைத்து வெளியே பார்க்கவிடலாம். மயக்க மருந்து கடைசி வழி. குறட்டையும் பருமனும் சர்க்கரையும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு மயக்க டாக்டர் இல்லாமல் ஊசி போடக் கூடாது.

காந்தத்தின் பின்புறம்

காந்தச் சுருளைச் சுற்றித் திரவ ஹீலியம் மைனஸ் 269 டிகிரியில் இருக்கிறது. அதை ஆவியாகாமல் காப்பது மேலே டிக்டிக் என்று அடிக்கும் கோல்டு ஹெட். அதை ஓட்டுவது கம்ப்ரசர், அதைக் குளிர்விப்பது சில்லர். மின்வெட்டின்போது ஜெனரேட்டர் ஸ்கேனரையும் விளக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு, சில்லரையும் கம்ப்ரசரையும் விட்டுவிட்ட வயரிங் பல இடங்களில் உண்டு. படம் எடுக்க முடிகிறது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஹீலியம் அளவு மட்டும் மெல்லக் குறைகிறது. பொறுப்பேற்றவுடன் மெயினை அணைக்கச் சொல்லி, எது எது ஜெனரேட்டரில் வருகிறது என்று கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசி இடிமழையில் மின்சாரம் போய்ப்போய் வரும் ஊர் இது. கம்ப்ரசர் தானாக மறுபடி ஓடத் தொடங்குகிறதா என்பதை இரவுக் காவலரும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் சரி, டிக்டிக் கேட்கவில்லை என்றால் இன்னாருக்கு போன் என்று தமிழில் எழுதி ஒட்டினால் போதும்.

சில்லரில் தண்ணீர் குறைந்தால் பக்கத்துக் குழாயில் பிடித்து ஊற்றுவது சகஜம். கோவை, திருப்பூர் போர்வெல் தண்ணீரின் உப்பு சில மாதங்களில் உள்ளே படிந்து, குளிர்ச்சி குறைந்து, கோடையில் இயந்திரம் நிற்கும். கம்பெனி சொன்ன நீரும் கிளைகாலும் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. கோவையில் பம்பு மெக்கானிக் நல்லவராகக் கிடைப்பது எளிது. சில்லர் பம்பை அவரே சரிசெய்துவிடுவார். ஆனால் அவருடைய ஸ்பேனர் பை காந்த அறைக்குள் போனால் பறக்கும். காந்தப் புலத்தின் பாதுகாப்பு எல்லையான 5 காஸ் கோட்டைத் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் வரைந்து, வேலைக்கு வருகிற யாரும் துறை ஆள் கூட இல்லாமல் அதைத் தாண்டக் கூடாது என்று வைக்க வேண்டும். வீல்சேர், ஸ்ட்ரெச்சர், சலைன் கம்பம் எல்லாம் அலுமினியத்தில் ஒரு செட் தனியாக வாங்கி வேறு நிறம் அடித்துவிட்டால் வார்டு ஆட்கள் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

ஹீலியத்தை வாயுவாக வெளியேற்றிக் காந்த விசையை நிறுத்தும் குவெஞ்ச் பட்டன் பற்றி எல்லோருக்கும் ஒரே பதில் தெரிந்திருக்க வேண்டும். பொருள் மட்டும் ஒட்டிக்கொண்டால் பட்டனைத் தொடாமல் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். மனிதர் மாட்டிக்கொண்டால் உடனே அழுத்த வேண்டும். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் ஏறக்குறைய 750 லிட்டர் வாயுவாக விரியும். 1,500 லிட்டர் உள்ள காந்தத்தில் அது 11 லட்சம் லிட்டருக்கு மேல். கூரைக்குப் போகும் குழாய் வாயில் பறவைக் கூடு, பிளாஸ்டிக் என்று எதுவும் அடைத்திருக்கக் கூடாது. அடைத்தால் வாயு அறைக்குள் வந்து ஆக்சிஜனைத் தள்ளிவிடும், அழுத்தத்தில் உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவும் முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை யாராவது கூரையேறிப் பார்க்க வேண்டும்.

கதிர்வீச்சுச் சட்டங்களை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அவை எல்லா மருத்துவமனைக்கும் ஒன்றுதான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இலோரா இணையதளத்தில் சி.டி.க்கு உரிமம், எக்ஸ்ரேக்குப் பதிவு. கதிர்ப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரச் சோதனை. ஊழியருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஊழியர் வாங்கும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் நெஞ்சில், ஈயக் கவசத்துக்கு உள்ளே. கவசத்தைக் கழற்றி அறையில் மாட்டும்போது பேட்ஜையும் அதோடு விட்டுவிட்டால் மூன்று மாதம் கழித்து அதிகக் கதிர் என்று கடிதம் வரும். விசாரணையில் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். கவசத்தை மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விழும், கம்பியில் தொங்கவிட வேண்டும். நிற்க முடியாத முதியவரைப் பிடித்துக்கொள்ளும் வேலையை அதே டெக்னீஷியன் தினமும் செய்யக் கூடாது. கர்ப்பமில்லாத உறவினர் ஒருவர் கவசம் அணிந்து பிடிக்கலாம். அல்ட்ராசவுண்டுக்கு, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் பதிவும், கர்ப்பிணிகளுக்கு எஃப் படிவமும், மறுமாதம் 5-ஆம் தேதிக்குள் அறிக்கையும். முதியவர்கள் மட்டுமே வரும் இடம் என்று நினைத்து இந்தப் படிவத்தில் சோம்பினால், மகளுக்கு எடுத்த ஒரே ஒரு ஸ்கேனில் இயந்திரத்துக்கே சீல் விழலாம்.

தொலைவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்

தாராபுரம், அந்தியூர், சத்தியமங்கலம், உடுமலை என்று பஸ் ஏறி வருகிறவருக்குக் காலை எட்டு மணி அப்பாயின்ட்மென்ட் கொடுத்து வெறும் வயிற்றில் வரச் சொல்வது கொடுமை. வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு ஆறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளி விடியற்காலை ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பி, சிங்காநல்லூரில் இறங்கும்போது தலைசுற்றி விழுவார். போனில் சொல்லும்போதே ஊசியையும் மாத்திரையையும் கையோடு எடுத்துவந்து, ஸ்கேன் முடிந்து சாப்பிடும்போது போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரருக்கு எட்டு மணி, வெளியூர்க்காரருக்குப் பத்தரை. அவரை ரெஃபரலுக்கு ஒருநாள், எக்ஸ்ரேக்கு ஒருநாள், சி.டி.க்கு ஒருநாள் என்று அலையவிடாமல் ஒரே நாளில் முடித்து அனுப்புவதைத் துறையின் அளவுகோலாகவே வைத்துக்கொள்ளலாம். வரிசை நேரப்படியும் அவசரப்படியும் போக வேண்டும். வார்டு வகுப்பு ரேங்க்படி இருக்கிறது. ஸ்கேன் வரிசைக்கு ரேங்க் கிடையாது. ஓய்வுபெற்று முப்பது ஆண்டு ஆன சிப்பாய், கர்னலைப் பார்த்ததும் எழுந்து தன் டோக்கனை நீட்டுவார். வரவேற்பில் இருப்பவர் அந்த டோக்கனை வாங்கக் கூடாது, 'நீங்க உக்காருங்கய்யா, உங்க முறைதான்' என்று மரியாதையாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிட வேண்டும். கிரியேட்டினின் 1.3 என்பதை மட்டும் பார்த்து 'நார்மல் பக்கம்தான்' என்று விட்டுவிட்டால், மெலிந்த எண்பது வயது அம்மாவின் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது என்பது தெரியாமல் போகும். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே என்றால் கான்ட்ராஸ்ட் உண்மையிலேயே தேவையா என்று மறுபடி யோசிக்க வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு அந்த அளவிலோ, சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டிருந்தாலோ மாத்திரையை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சோதித்துத் தொடர வேண்டும். மாத்திரைப் பெயர் பலருக்குத் தெரியாது. பாலிகிளினிக் கொடுத்த கவரை அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வாமை வந்தால் தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின், உடனே. அது பூட்டிய அலமாரியில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

ரிப்போர்ட் எங்கே போகிறது

தனியார் நோயாளிக்கு எடுக்கும் ரிப்போர்ட் சிகிச்சைக்கு மட்டும் போகும். படைவீரரின் ரிப்போர்ட் இன்னும் இரண்டு மேஜைக்குப் போகும்: பில் பார்ப்பவர், சில நேரம் ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கும் இடம்.

பில்லில் வெட்டு விழும் முதல் காரணம், சீட்டில் உள்ளதும் எடுத்ததும் ஒத்துப்போகாதது. 'வயிறு சி.டி., பிளெயின்' என்று வந்ததை, தேவை கருதி ரேடியாலஜிஸ்ட் கான்ட்ராஸ்ட்டோடு எடுத்திருப்பார். மருத்துவ ரீதியில் சரி; காகிதத்தில் பிழை. எடுப்பதற்கு முன்பே பாலிகிளினிக்கில் பேசி, காரணத்தை எழுத்தில் அனுப்பி, ஒப்புதலைக் கோப்பில் வைத்துக்கொள்வது டெக்னீஷியன் செய்யக்கூடியதல்ல; அதற்கென்று ஒரு ஆள் துறையில் உட்கார வேண்டும். அந்தச் சம்பளத்தை மிச்சப்படுத்தும் நிர்வாகம் அதைவிட அதிகமாக வெட்டில் இழக்கும்.

ஊனமுற்றோர் பென்ஷனில் கேள்வி இது: குறை பணியால் வந்ததா, பணியால் கூடியதா. தீர்மானிப்பது மெடிக்கல் போர்டு. சேரும்போது குறிப்பில் இல்லாத நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு நிர்வாகத்துக்கு என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் விதிகள் புதிதாக வந்துவிட்டன. ரேடியாலஜிஸ்ட் இந்த வாதத்துக்குள் நுழையவே கூடாது. ஆனால் பழக்கத்தில் எழுதும் ஒரு வரி நுழைந்துவிடும். நாற்பத்திரண்டு வயதுக்காரரின் முதுகு எம்.ஆர்.ஐ.யில் 'வயது காரணமான தேய்மானம்' என்று டெம்ப்ளேட்டில் இருந்தபடி விழுந்தால், அந்த வரியை அவருக்கு எதிராக யாரும் எடுத்துக் காட்டலாம். காரணத்தை எழுதாமல் கண்டதை எழுத வேண்டும்: எந்த மட்டத்தில் எவ்வளவு பிதுக்கம், நரம்பு எங்கே அழுந்துகிறது, டி12 முள்ளெலும்பின் உயரம் எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது, அது பழையதா புதியதா, முழங்கால் தேய்வு கெல்கிரன் லாரன்ஸ் அளவில் எத்தனை. அவருக்குச் சாதகமாக 'பாரா ஜம்ப் காயம்' என்று எழுதுவதும் அதே அளவு தவறு. டெம்ப்ளேட்டுகளை உட்கார்ந்து படித்து இந்த வரிகளை நீக்குவதுதான் புதிய தலைவர் முதல் வாரத்தில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது தொலைந்துபோகும் கண்டுபிடிப்பு. சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த சி.டி.யில் நுரையீரலின் அடியில் 9 மி.மீ. முடிச்சு தெரிகிறது. ரிப்போர்ட்டின் நான்காம் பத்தியில் எழுதியாகிவிட்டது. கல்லுக்கு அனுப்பிய டாக்டர் கல்லைப் பார்க்கிறார். நோயாளி ரிப்போர்ட்டை உறையோடு பீரோவில் வைக்கிறார். நெஞ்சுப் படங்களுக்கான கதிரியக்க டாக்டர்களின் ஃப்ளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டலில் 8 மி.மீ.க்கு மேற்பட்ட திட முடிச்சுக்கு மூன்று மாதத்தில் மறு சி.டி., அல்லது பெட் ஸ்கேன், அல்லது திசு எடுப்பது. 6 முதல் 8 வரை என்றால் ஆறு முதல் பன்னிரண்டு மாதம். நம் ஊரில் காசநோய்த் தழும்பும் இதே இடத்தில் இதே மாதிரி நிற்கும் என்பதால், சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, பழைய படத்தில் இருந்ததா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ராணுவ மருத்துவமனையில் எடுத்த பழைய ஃபிலிம் வீட்டில் இருந்தால் அதை வாங்கி, படமெடுத்துப் பேக்ஸில் (ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் கணினி அமைப்பு) ஏற்றிவிட வேண்டும். கணினியில் இடம் பெரிய பிரச்சினை அல்ல: சி.டி. படம் ஒன்று அரை எம்.பி., 500 படம் 250 எம்.பி.; நெஞ்சு எக்ஸ்ரே 20 எம்.பி.க்குள். பத்து ஆண்டு முன்பு இதே அளவில் இருந்தது என்று தெரிந்தால் ஒரு மனிதரை ஊசிக்கும் பயத்துக்கும் ஆளாக்காமல் அனுப்பலாம்.

அதற்கு மேல் ஒரு பதிவேடு வேண்டும். 'மறுபடி பார்க்க வேண்டியவர்' என்று தனி ஏடு: பெயர், அட்டை எண், போன், மகன் அல்லது மகள் போன், என்ன கண்டது, எப்போது வர வேண்டும், பாலிகிளினிக்கில் யாரிடம் சொன்னது, என்றைக்கு. வாரம் ஒருநாள் ஒருவர் அதை எடுத்து, அந்த மாதம் வர வேண்டியவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். மறு ஸ்கேனுக்குப் பெரும்பாலும் புதிய ரெஃபரல் தேவை என்பதால் பாலிகிளினிக்குக்கும் ஒரு வரி போக வேண்டும். இல்லையென்றால் அவர் சரியான தேதியில் வந்து சீட்டு இல்லாமல் திரும்புவார். கையில் கொடுக்கும் துண்டுச் சீட்டு தமிழில் இருக்கட்டும்: 'நெஞ்சில் சின்ன முடிச்சு. ஐப்பசி மாசம், அக்டோபர் 20-க்கு மேல், மறுபடி சி.டி. பாலிகிளினிக்கில் இந்தச் சீட்டைக் காட்டுங்கள்.' ரிப்போர்ட்டைப் பீரோவில் பூட்டுகிறவர்கூட இந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைப்பார்.

அவசரக் கண்டுபிடிப்பு வேறு. மூளையில் ரத்தக்கசிவு, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு போன்றவற்றைப் பாலிகிளினிக்குக்குச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தால் போதாது. அது சாயங்காலமும் ஞாயிறும் பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் நோயாளியை வீட்டுக்கு விடாமல் மருத்துவமனையின் சொந்த அவசரப் பிரிவுக்குக் கைமாற்றி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னது என்று ரிப்போர்ட்டிலேயே எழுதி, திட்ட விதிப்படி குறித்த நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

துறைத் தலைவர் மாறும்போது இவை எல்லாம் அவர் தலையோடு போய்விடுவது இன்னொரு பொதுவான குறை. அவரே கதிர்ப் பாதுகாப்பு அலுவலராகவும் இருந்தால், போகும் முன் இலோராவில் அடுத்தவரின் நியமனம் முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சி.டி. உரிமமே கேள்விக்குள்ளாகும். அதோடு கைமாற வேண்டியவை: உலோகக் காயம் உள்ள நோயாளிகள் பட்டியல், இதுவரை எடுத்த முடிவுகளோடு, மறுபடி பார்க்க வேண்டியவர்கள் ஏடு, மெட்டல் புரோட்டோகால்களின் நகல், ஜெனரேட்டரில் எது வருகிறது என்ற தாள், பாலிகிளினிக்கில் போன் எடுக்கும் ஆளின் பெயர். புதியவர் பழையவரோடு குறைந்தது ஒரு வாரம் அதே அறையில் உட்கார்ந்து, அந்த ஏட்டிலிருந்து அந்த வாரத்துப் போன்களைத் தானே செய்து பார்க்க வேண்டும்.